அண்ணாவிகள் ஆகப்போகிறவர்களுக்கு

திருச்சூரிலும் காலடியிலும் புதுச்சேரியிலும் தஞ்சாவூரிலும் நாடகம் படித்துக்கொண்டிருக்கும் முதுகலை மாணவர்களே, தம்பிகளே, தங்கைகளே,

மட்டாஞ்சேரியிலிருந்து எழுதுகிறேன். சென்ற மழைக்காலத்தில் உங்களில் ஆறு பேர் எங்கள் தெருவுக்கு வந்தீர்கள். எந்தத் துறை, எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். களப்பணி என்று சொன்னீர்கள். முதல் நாள் வட்டமாக நின்று பெயர் சொல்லும் விளையாட்டு, கண்ணாடி விளையாட்டு, சிலை விளையாட்டு. இரண்டாம் நாள் பிள்ளைகளே நடித்த பதினைந்து நிமிட நாடகம். நன்றாகச் செய்தீர்கள், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எந்தப் பிள்ளையையும் அதட்டவில்லை. பேசத் தயங்கியவனைப் பேச வற்புறுத்தவில்லை. மாலையில் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, படகுத்துறைக்குப் போய்விட்டீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கதவைத் திறந்தேன். வழக்கமாக வரும் பிள்ளைகளோடு புதிதாக ஒன்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "அந்த அண்ணன்களும் அக்காக்களும் எங்கே?" என்று கேட்டார்கள். வருவார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒன்பது பேரும் நான்கு வாரம் வந்தார்கள். ஐந்தாவது வாரம் வரவில்லை.

அந்த ஒன்பது பிள்ளைகளுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நானும் உங்களைப் போல நாடகத்தில் முதுகலை முடித்தவள். முடித்து இருபத்தாறு ஆண்டு ஆகிறது. என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு மிளகு வியாபாரியோடு இங்கே வந்தவர். அப்பா பஜார் ரோட்டில் ஒரு கிட்டங்கியில் கணக்கு எழுதினார். எனக்குப் பள்ளிக்கூட வேலை. ஞாயிறு மாலைகளில், கிட்டங்கியாக இருந்து காலியான ஒரு அறையில், பிள்ளைகளுக்கு நாடக வகுப்பு. கொங்கணி, குஜராத்தி, உருது, தமிழ், மலையாளம் எல்லாம் அந்த அறைக்குள் வரும். ஒரு பிள்ளை ஒரு மொழியில் அழுதால் இன்னொரு பிள்ளை வேறு மொழியில் சமாதானம் சொல்லும். மட்டாஞ்சேரியை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு எதுவும் இருக்காது.

எட்டு ஆண்டுக்கு முன்னால் அந்த அறையில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். முதுகலை முடித்த ஒருத்தி செய்த தவறு அது. அதனால் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பிள்ளைகளுக்கு அவர்கள் ஊர்த் துறைமுகத்தின் கதையைக் கொடுக்க நினைத்தேன். கொச்சியில் ஒரு காலத்தில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்கு ஆள் எடுத்த விதம் கொடூரமானது. விடியும் முன்பே நூற்றுக்கணக்கானவர்கள் திரண்டு நிற்பார்கள். மூப்பன் வந்து உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவான். அந்த வில்லைக்குச் சாப்பா என்று பெயர். முண்டியடித்து, மிதித்து, அடித்துக்கொண்டு எவன் ஒரு வில்லையைக் கைப்பற்றுகிறானோ அவன் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியும். இந்த முறையை எதிர்த்த தொழிலாளர்கள்மீது 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. மூன்று பேர் இறந்தார்கள். கே. எம். சிதம்பரன் இதை 'துறமுகம்' என்று நாடகமாக எழுதினார். ராஜீவ் ரவி 2023ல் அதே பெயரில் எடுத்த படத்துக்கும் அந்த நாடகம்தான் மூலம்.

சோடா மூடிகள் பதினைந்து எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு இருபத்திரண்டு பிள்ளைகள். நான் மூப்பன். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஒரு பெட்டிமேல் ஏறி நின்று மூடிகளை வீசினேன். பிள்ளைகள் கூச்சலோடு பாய்ந்தார்கள், உருண்டார்கள், சிரித்தார்கள். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி மட்டும் சுவரோரம் நின்றாள். மூப்பன் குரலிலேயே, "ஏய், உனக்கு வேலை வேண்டாமா?" என்று அதட்டினேன். அவள் நாடகத்துக்கு வெளியே நின்று, தன் சொந்தக் குரலில் சொன்னாள்: "எங்கப்பாவும் இப்படித்தான் டீச்சர் காலையில ஜங்ஷன்ல போய் நிப்பாரு. நேத்து அவரை யாரும் கூப்பிடல."

அறை அடங்கிவிட்டது. இன்னொரு பையன், "எங்க அண்ணனும் நிப்பான்" என்றான். கொச்சியின் வாத்துருத்தியில் நெருக்கியடித்து வாழும் தமிழ்த் தொழிலாளர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலையில் சந்திப்புகளில் வேலைக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தைத் தாண்டித்தான் கல்லூரிக்குப் போயிருப்பீர்கள். நானும் தினமும் தாண்டிப் போகிறவள்தான். பழைய கதை என்று எண்ணி நான் கொண்டுவந்தது அந்தப் பெண்ணுக்கு நேற்றைய கதை.

என்ன செய்திருக்க வேண்டும்? பெட்டியிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் செய்ததைச் சொல்கிறேன்: "சரி, அடுத்த காட்சிக்குப் போவோம்" என்றேன். நாற்பது நிமிடத்தில் வேலைநிறுத்தக் காட்சி வரை முடிக்க வேண்டும் என்று தாளில் திட்டம் போட்டு வைத்திருந்தேன். அந்தத் தாளுக்கு உண்மையாக இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. மூன்றாவது வாரம் வீடு தேடிப் போனேன். அவளுடைய அம்மா வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: தெருப் பிள்ளைகள் அவளைச் "சாப்பா, சாப்பா" என்று கூப்பிடுகிறார்களாம். அந்தப் பட்டப்பெயரைத் தெருவுக்குக் கொடுத்தது நான். சோடா மூடியோடு சேர்த்துக் கொடுத்தேன்.

இரண்டு ஆண்டு முதுகலையில் நான் என்ன படித்தேன் என்று அன்று இரவு உட்கார்ந்து யோசித்தேன். நாட்டிய சாஸ்திரம், கிரேக்கத் துன்பியல், ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, பிரெக்ட், ஒளியமைப்பு, ஒப்பனை, மேடைப் பொருள். ஒரு பருவத்தில் குழந்தைகள் அரங்கம் என்று விருப்பப் பாடம். அதில் விளையாட்டுகள் கற்றோம், ஒரு நாடகம் தயாரித்தோம், பார்வையாளர்களாக ஒரு பள்ளிப் பிள்ளைகளை வேனில் அழைத்து வந்தோம். ஒரு குழந்தை நாடகத்துக்கு நடுவே தன் வீட்டைப் பற்றி உண்மை சொன்னால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் கற்றுத் தரவில்லை. அதைக் கற்றுத் தருவதற்குத்தான் நாடகக் கல்வி என்று ஒரு முதுகலைப் படிப்பு வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1966 முதல் கல்விசார் அரங்கத்துக்கென்று தனிப் படிப்பு இருக்கிறது. நம் தேசிய நாடகப் பள்ளி 1989ல் பேரி ஜான் தலைமையில் கல்வியில் அரங்கம் என்ற தனிக் குழுவைத் தொடங்கியது. திரிபுராவின் அகர்தலாவில் அதற்கென ஓராண்டுப் பயிற்சியும் நடத்துகிறது. நம் தென்கோடியில் இது இன்னும் விருப்பப் பாடமாகவே நிற்கிறது.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. உங்கள் துறைகளைக் கட்டி எழுப்பியவர்களே குழந்தைகளின் ஆட்கள். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி 1977ல் திருச்சூரில் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் ஜி. சங்கரப்பிள்ளை. அதற்கு முன்பே, 1970ல், திருவனந்தபுரத்துக்கு அருகே வெஞ்ஞாறமூட்டில் கொச்சுநாராயண பிள்ளை தொடங்கிய 'ரங்கப்பிரபாத்' குழந்தைகள் அரங்குக்கு ஊக்கமாக இருந்தவர் அவர். சங்கரப்பிள்ளையும் நம் சே. இராமானுஜமும் காந்திகிராமத்தில் சேர்ந்து வேலை செய்தவர்கள். இராமானுஜம் தேசிய நாடகப் பள்ளியில் படித்தவர், திருச்சூரில் கற்பித்தார், பிறகு தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 'வெறியாட்டம்' செய்த இயக்குநர் என்று அவரை நினைவில் வைத்திருக்கிறோம். கடைசி வரை பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து நாடகம் செய்தவர் என்பதைக் குறைவாகவே நினைக்கிறோம். தமிழும் மலையாளமும் சேர்ந்து உண்டாக்கிய ஒரு மரபு இது. இன்று அந்தத் துறைகளில் படிக்கிறவர்களிடம் கேட்டால், பிள்ளைகளோடு வேலை செய்வது சினிமாவும் பெரிய மேடையும் கிடைக்காதவர்கள் செய்வது என்று முகம் சொல்கிறது. வாய் சொல்லாவிட்டாலும் முகம் சொல்கிறது. புதுச்சேரியில் படித்த வேலு சரவணன் அந்த முகத்தைப் பொருட்படுத்தாமல் 'ஆழி' என்று குழு வைத்து, 'கடல் பூத'த்தைத் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாக இத்தனை ஆண்டுகள் நடந்திருக்கிறார். ஒருவராவது இருக்கிறார் என்று ஆறுதல்.

இப்போது எங்கள் கடற்கரைக்கு வாருங்கள்.

இங்கே ஃபோர்ட் கொச்சியிலும், வடக்கே கோதுருத்திலும், கொடுங்கல்லூர்ப் பக்கத்திலும் சவிட்டு நாடகம் உயிரோடு இருக்கிறது. சவிட்டு என்றால் மிதி. மரத்தட்டின்மேல் காலால் ஓங்கி மிதித்து, தாங்களே பாடி ஆடும் லத்தீன் கிறிஸ்தவர்களின் நாடகம். ஐரோப்பிய மன்னர்களின் உடை, கிரீடம், வாள். போர்த்துக்கீசியர் வந்தபின் உருவானது. ஆனால் அதன் பழைய சுவடிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மலையாள எழுத்தில் தமிழ்! 'காரல்மான் சரித்திரம்' பல இரவுகள் நீளும் நாடகம். பிரான்ஸ் நாட்டுச் சார்லமேன் மன்னனின் கதை. அதை எழுதியவராக இந்தக் கரை சொல்லும் பெயர் சின்னத்தம்பி அண்ணாவி. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். சபீனா ராபி 1964ல் வெளியிட்ட சவிட்டு நாடக வரலாற்று நூலால்தான் இந்தச் செய்திகள் பலவும் வெளியுலகுக்குத் தெரிந்தன. பெரிய பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பார்க்காத காலத்தில் ஒரு பெண் தனியாகச் செய்த ஆய்வு அது. உங்கள் பாடத்திட்டத்தில் அவர் பெயர் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அண்ணாவி என்ற சொல்லை நான் பல நாள் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தமிழகத்தின் தென்மாவட்டங்களில் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு அண்ணாவி என்று பெயர். கூத்துப் பழக்குகிறவருக்கும் அதே பெயர். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கூத்து ஆசிரியரை இன்றும் அண்ணாவியார் என்றே அழைக்கிறார்கள். அரிச்சுவடி சொல்லித் தந்தவரையும் அடவு சொல்லித் தந்தவரையும் நம் மொழி ஒரே சொல்லால் அழைத்திருக்கிறது. நாடகக் கல்வி என்ற இரட்டைச் சொல்லை எங்கோ வெளிநாட்டில் தேடுகிறோம். நம்மிடம் அது ஒற்றைச் சொல்லாக இருந்தது.

அந்த அண்ணாவி எப்படிக் கற்பித்தார்? ஊருக்கு வந்தார், தங்கினார். சவிட்டு நாடக ஆசான்கள் மாதக்கணக்கில், சில சமயம் ஓர் ஆண்டுக்கும் மேலாக, ஒரே ஊரின் களரியில் இளைஞர்களைப் பழக்கியிருக்கிறார்கள். பகலில் வலை இழுப்பவனும் தச்சு வேலை செய்பவனும் இரவில் வந்து அடி பழகுவான். மட்டக்களப்பில் அந்தப் படிகளுக்கு ஒவ்வொரு பெயர்: சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். சட்டம் கொடுக்கும்போதே யாருக்கு எந்த வேடம் என்று முடிவாகும். குரல் பார்த்து, உடல் பார்த்து, குணம் பார்த்து முடிவு செய்வார்கள். யாருக்கும் யாருக்கும் பகை, எந்த வீட்டில் சாவு, எவன் இந்த மாதம் கடனில் இருக்கிறான் என்பதெல்லாம் அண்ணாவிக்குத் தெரியும். தெரிந்துதான் வேடம் கொடுப்பார். என் சோடா மூடி வகுப்பில் எனக்குத் தெரியாமல் போனது இதுதான். அந்தப் பெண்ணின் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவள் ஏழு மாதமாக என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள்.

அண்ணாவி மரபைக் குறையில்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. பெண்களை நெடுங்காலம் தட்டில் ஏற விடவில்லை, பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். அடித்துப் பழக்கிய ஆசான்களும் உண்டு. இருந்தும், தங்குவது என்ற அந்த ஒரு விஷயத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளாமல் நாம் முன்னே போக முடியாது.

ஈழத்தில் எடுத்துக்கொண்டார்கள். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் கூத்தை மாணவர்களிடம் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எல்லாம் அப்படி வந்தவை. அந்த மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பில் ஒரு தலைமுறைக்கே ஆசிரியரானார். 1978ல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் பள்ளி ஆசிரியர். 'மண் சுமந்த மேனியர்' எழுதியவரும் அவர்தான், 'கூடி விளையாடு பாப்பா' எழுதியவரும் அவர்தான். இரண்டையும் ஒரே கை எழுதியது என்பதில் எனக்கு ஒரு பாடம் இருக்கிறது. அங்கே நாடகமும் அரங்கியலும் பள்ளியில் ஒரு பாடம், உயர்தரப் பரீட்சைக்கும் எடுக்கலாம். பாடம் இருப்பதால் ஆசிரியர் இருக்கிறார். ஆசிரியர் இருப்பதால் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. போர் நடந்த காலத்திலும் அது இருந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவரோடு இருந்தவர்களும் 2000களின் தொடக்கத்தில் செய்த கூத்து மீளுருவாக்க வேலையையும் தேடிப் படியுங்கள். ஓர் ஊரில் நெடுநாள் இருந்து, அண்ணாவியாரையும் கூத்தர்களையும் ஊர்க்காரர்களையும் ஆய்வில் பங்காளிகளாக வைத்து, கூத்தில் பெண்ணும் சாதியும் எப்படி வருகின்றன என்று அவர்களோடே விவாதித்து, பாட்டையே மாற்றி எழுதி ஆடிய வேலை அது. அங்கே ஆய்வேடு பிறந்தது ஊருக்குள். நம்மிடம் ஆய்வேடு நூலகத்தில் பிறந்து, இரண்டு நாள் ஊரைப் பார்த்துவிட்டு, மறுபடி நூலகத்துக்குப் போய்ச் சேருகிறது.

வெளிநாட்டு வழிகளை நான் ஒதுக்கவில்லை. 1965ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் பெல்கிரேட் தியேட்டர்தான் கல்வியில் அரங்கம் என்ற முறையைத் தொடங்கிவைத்தது. நாடகக் குழு பள்ளிக்குள் வந்து, ஒரே வகுப்போடு ஒரு கேள்வியை வைத்து வேலை செய்யும் முறை. அந்த நாட்டு நாடக ஆசிரியர்களில் எனக்கு மிக நெருக்கமானவர் டோரதி ஹீத்கோட். பதினான்கு வயதில் யார்க்ஷயரில் நெசவு மில்லுக்கு வேலைக்குப் போனவர். மில் மேலாளர் பணம் கட்ட, நாடகப் பள்ளிக்குப் போய், பிறகு வாழ்நாள் முழுவதும் ஆசிரியர்களுக்கு ஆசிரியராக இருந்தார். அவருடைய முறையில் பிள்ளைகள் நடிகர்கள் ஆவதில்லை, ஒரு வேலையில் கைதேர்ந்தவர்கள் ஆகிறார்கள். பாதிக்கப்பட்டவனாக நிற்கச் சொல்லாமல், அந்தச் சிக்கலைத் தீர்க்க அழைக்கப்பட்ட நிபுணராக நிற்கச் சொல்வார். அந்த வேடம் குழந்தைக்குக் குடை மாதிரி. உள்ளே நின்றுகொண்டு மழையைப் பற்றிப் பேசலாம்.

நான் அதைப் பிறகு கற்றேன், புத்தகத்திலும் வகுப்பிலும் மெல்ல மெல்ல. மூன்று ஆண்டு கழித்துத் துறைமுகக் கதையை மறுபடி எடுத்தேன். இந்த முறை யாரும் மூப்பன் இல்லை, யாரும் கூலிக்காரர் இல்லை. பிள்ளைகள் எல்லோரும், புதிதாகக் கட்டப்போகும் ஒரு துறைமுகத்துக்கு ஆள் எடுக்கும் விதிகளை எழுத வந்த குழு. நான் அவர்களுக்குக் காகிதம் கொண்டுவந்து கொடுக்கும் எழுத்தர். ஐந்து ஞாயிறு எடுத்துக்கொண்டோம். ஒரு பையன், "உடம்பு சரியில்லாதவனுக்கும் பெயர் எழுதணும்" என்றான். ஒரு பெண், காத்திருப்பவர்களுக்கு நிழலும் தண்ணீரும் வேண்டும் என்று வரைபடத்தில் ஒரு மரத்தை வரைந்தாள். ஐந்தாவது வாரம் சாப்பாவைப் பற்றிச் சொன்னேன். நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, "அந்த மூப்பன்கிட்ட நம்ம காகிதத்தைக் கொடுத்திருக்கணும்" என்றான் ஒருவன்.

இந்த மாவட்டத்துக்கு நாடகமும் கல்வியும் சேர்ந்த இன்னொரு பெரிய நினைவு உண்டு. 1990 பிப்ரவரி 4 அன்று எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் கலாஜாதாக்கள் ஊர் ஊராகப் பாடி ஆடி ஆட்களைத் திரட்டின. ஏறத்தாழ 20,000 தொண்டர்கள் எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். அந்த அலைதான் தமிழகத்தில் அறிவொளி இயக்கமாக எழுந்தது. புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள், வீதி நாடகம் தெருவுக்கு வந்தது. கலாஜாதா ஒரு மாலையில் வந்து போகிறதுதானே, அதற்கு இவ்வளவு பலன் இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். அப்போது நான் பள்ளிச் சிறுமி. எங்கள் தெருவுக்கு ஜாதா வந்தது ஒரு மாலைதான். அதற்குப் பிறகு இரவுதோறும் பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி எங்கள் வராந்தாவில் லாந்தர் வைத்துக்கொண்டு நான்கு கிழவிகளுக்கு எழுத்துச் சொல்லித் தந்தாள். பல மாதம். நாடகம் கூப்பிட்டது, அக்கா தங்கினாள். நீங்கள் நாடகத்தை மட்டும் படிக்கிறீர்கள். அந்த அக்காவையும் படியுங்கள் என்கிறேன்.

பிழைப்பைப் பற்றிப் பேசாமல் உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நம் பள்ளிகளில் ஓவியத்துக்கும் இசைக்கும் தையலுக்கும் சிறப்பாசிரியர் என்று ஒரு பெயராவது உண்டு. நாடக ஆசிரியர் என்ற பணியிடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2005ன் தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி வந்த அறிக்கை இசை, நடனம், ஓவியத்தோடு நாடகத்தையும் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. சொன்னதோடு நின்றது. ஆகவே நாடகம் படித்தவனுக்குப் பள்ளி என்றால் கலோற்சவம். 1957ல் இதே எர்ணாகுளத்தில் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலைவிழா இன்று மாநிலமே காத்திருக்கும் திருவிழா. தமிழ்நாட்டிலும் 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. மகிழ்ச்சிதான். எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் முதன்முதலாக ஒளிக்குள் நின்றது அந்த மேடைகளில். ஆனால் போட்டிக் காலத்தில் பயிற்சியாளராகப் போகிறவர்களைக் கேளுங்கள். பத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, மற்ற நாற்பது பேரை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, நடுவர்களுக்குப் பிடிக்கும் நாடகத்தை இரவு பகலாகத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். எனக்கும் சில ஆண்டு அதுதான் சோறு போட்டது. ஒரு பள்ளியில், 'ஏ' கிரேடு வராத மறுநாள், பேசிய பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அது போகட்டும். அந்த நாடகத்தில் வசனத்தை மறந்த பையன் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவனைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே நான் உங்களிடம் கேட்பதை நேராகக் கேட்டுவிடுகிறேன். இறுதிப் பருவத்துத் தயாரிப்புக்குப் பதிலாக, விரும்புகிறவர்கள் ஓர் ஆண்டு ஒரே இடத்தில் ஒரே பிள்ளைகளோடு இருக்க அனுமதி வேண்டும் என்று உங்கள் துறையிடம் எழுதிக் கேளுங்கள். பள்ளியோ, தொழிலாளர் குடியிருப்போ, மீனவத் தெருவோ, எதுவானாலும். வாரம் இரண்டு நாள் போதும், ஐம்பது வாரம் வேண்டும். ஆய்வேடாக அந்த ஆண்டின் நாட்குறிப்பை ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த நாள் எது தவறிப்போனது என்று எழுதிய நாட்குறிப்புக்கும் மதிப்பெண் வேண்டும், அரங்கு நிறைந்த தயாரிப்புக்குக் கொடுப்பதைவிடக் குறையாமல். கல்வியியல் துறையில் போய்க் குழந்தை உளவியல் படியுங்கள். ஒரு குழந்தை வீட்டில் நடக்கும் கொடுமையைச் சொன்னால் 1098க்கு எப்போது அழைக்க வேண்டும், யாரிடம் பேச வேண்டும், யாரிடம் பேசவே கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். நாடகம் கதவுகளைத் திறந்துவிடும். திறந்த கதவுக்கு முன்னால் என்ன செய்வது என்று தெரியாதவள் திறக்கக் கூடாது. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

பணியிடங்களையும் கேளுங்கள். திருச்சூர் தனியாக, தஞ்சாவூர் தனியாகக் கேட்டால் குரல் எழும்பாது. இரண்டு மாநிலத்து மாணவர்களும் சேர்ந்து கேட்க ஒரு காலத்தில் வழி இருந்தது. காந்திகிராமத்தில் இரண்டு மொழிக்காரர்கள் ஒரே சோற்றைத் தின்றுகொண்டு நாடகம் பேசியிருக்கிறார்கள். இலங்கையில் ஒரு பாடமாக இருப்பது இங்கே ஏன் இல்லை என்று கேட்பதற்கு உங்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

அந்தச் சாப்பா வகுப்பின் பெண்ணைப் பற்றிச் சொல்லவில்லையே. ஐந்து மாதம் நான் அவள் வீட்டுக்குப் போய்வந்தேன். நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அம்மாவோடு வெங்காயம் உரித்தேன், ரேஷன் கார்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன், அப்பா திரும்பும்போது எழுந்து வந்தேன். தெருப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசினேன். ஒரு ஞாயிறு அவளாகவே வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். சின்னப் பிள்ளைகளின் வட்டத்தை அவள்தான் நடத்துகிறாள், என்னைவிட நன்றாக. சென்ற மாதம் அறையைப் பெருக்கிக்கொண்டே கேட்டாள்: "இந்த வேலைக்கு என்ன படிக்கணும் டீச்சர்?"

திருச்சூர் என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கே போனால் அவள் நல்ல நடிகையாகலாம், நல்ல இயக்குநராகலாம். அவள் கேட்டது அதை இல்லை. அடுத்த ஆண்டு விண்ணப்பம் போடும் நேரம் வரும்போது அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் வேண்டும். அதை உங்களிடம்தான் கேட்க முடியும், உங்கள் ஆசிரியர்களிடமும்தான்.

இந்த மழைக்காலத்திலும் களப்பணிக்கு யாராவது வருவீர்கள். வாருங்கள், கதவு திறந்திருக்கும். எர்ணாகுளம் படகுத்துறையில் ஏறினால் மட்டாஞ்சேரியில் இறங்கலாம், அங்கிருந்து நடந்துவிடும் தூரம். ஞாயிறு மூன்று மணிக்கு வகுப்பு. முதல் நான்கு வாரம் கேமரா வேண்டாம், விளையாட்டுகளும் வேண்டாம். பின்வரிசையில் பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். அவர்கள் பெயரையும் வீட்டு மொழியையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்தாவது வாரம் நீங்கள் வருவீர்கள் என்று எனக்கு உறுதி சொன்னால் போதும், அந்த ஒன்பது பிள்ளைகளின் வீடுகளுக்கும் நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
மட்டாஞ்சேரியிலிருந்து உங்கள் அக்கா